மரப்பொருளின் நிஜ அடர்த்தியை அளப்பது எப்படி?

பால்சா மரம் மிதக்கும், கருங்காலி மூழ்கும். ஆனால் உள்ளே இருக்கும் வெற்றிடத்தையெல்லாம் கழித்துவிட்டு செல்சுவரை மட்டும் அளந்தால் இரண்டுமே கனசென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.5 கிராம்தான். அதை அளக்க ஒரு பிக்னோமீட்டர் (கொள்ளளவு துல்லியமாகத் தெரிந்த சிறு கண்ணாடிக் குடுவை) போதும்.

முதலில் மரத்தை நன்றாகப் பொடியாக்குங்கள். கட்டியாகப் போட்டால் செல்களுக்குள் காற்று அடைபட்டுக்கொள்ளும். பொடியை 103 டிகிரி செல்சியஸ் ஓவனில், எடை மேலும் குறையாமல் நிலையாகும் வரை உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரத்தில்) ஆறவிட்டு, சட்டென்று எடை போடுங்கள், ஏனென்றால் காய்ந்த மரத்தூள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அப்புறம்தான் பொறுமை வேண்டும். குடுவையில் தூளைப் போட்டு, அது மூழ்கும் அளவு காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, வெற்றிடப் பம்பால் காற்றை மெதுவாக எடுங்கள். அவசரப்பட்டால் நீர் கொதித்துத் தூள் வெளியே தெறிக்கும், எனக்கு அப்படி அளக்க வைத்திருந்த தூளே வீணாகியிருக்கிறது. குமிழி நின்றதும் நிரப்பி, 25 டிகிரியில் நிலைப்படுத்தி எடை பாருங்கள்.

கணக்கு எளிது. நீர் மட்டும் நிரம்பிய குடுவையின் எடையோடு தூளின் எடையைக் கூட்டி, இப்போதைய எடையைக் கழித்தால் வெளியேறிய நீரின் எடை. 2.000 கிராம் தூள் 1.303 கிராம் நீரை வெளியேற்றினால், 2.000 × 0.997 ÷ 1.303 = கனசென்டிமீட்டருக்கு 1.53 கிராம் (0.997 என்பது 25 டிகிரியில் நீரின் அடர்த்தி).

நீருக்குப் பதில் ஹீலியம் வாயுவில் அளந்தால் இதைவிடச் சற்றுக் குறைவாக வரும், பயப்பட வேண்டாம்: நீர் செல்சுவருக்குள் புகுந்து நெருக்கமாக ஒட்டிக்கொள்கிறது, ஹீலியம் அப்படி ஒட்டுவதில்லை. அதனால் எதில் அளந்தீர்கள் என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.