டோட்டல் நார்மல்தானேன்னு விட்டுடாதீங்க: ஸ்டீராய்டு எடுத்து வெயிட் தூக்குற பொண்ணுங்க பண்ற தவறுகள்

லிபிட் ரிப்போர்ட்ல, அதாவது ரத்தத்துல கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னு சொல்ற ரிப்போர்ட்ல, டோட்டல் கொலஸ்ட்ரால்ங்கிற முதல் வரிய மட்டும் பாக்குறதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. ஒரு கணக்கு போட்டு பாருங்க, நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற ஹெச்டிஎல் 60, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 110, இன்னொரு வகையான விஎல்டிஎல் 20, மொத்தம் 190. தசை ஏத்துறதுக்கு ஸ்டீராய்டு ஆரம்பிச்சப்புறம் ஹெச்டிஎல் 30க்கு இறங்கி எல்டிஎல் 140க்கு ஏறுனாலும் மொத்தம் அதே 190தான்! ரிப்போர்ட்ல டோட்டல் நார்மல்னு இருக்கும், ஆனா நல்ல கொலஸ்ட்ரால் பாதி காலி. பொண்ணுங்களுக்கு ஹெச்டிஎல் 50க்கு கீழ போனாலே கம்மின்னுதான் கணக்கு.

அடுத்தது "ஊசி வேணாம், மாத்திரைதான் சேஃப்"ங்கிற நெனப்பு. இந்த விஷயத்துல அது அப்படியே தலைகீழ். ஆக்ஸாண்ட்ரலோன், ஸ்டானசோலால் மாதிரி மாத்திரைங்க கல்லீரல்ல சீக்கிரம் உடையாம இருக்கணும்னே மாத்தி செஞ்சது, அதனால ஹெப்பாட்டிக் லைப்பேஸ்ங்கிற என்சைம நல்லா தூண்டி விட்டுடும், அது ஹெச்டிஎல்ல வேகமா கரைச்சிடும். ஊசியும் குறைக்கும்தான், ஆனா மாத்திரை அடிக்கிற அடி அதைவிட பலமா இருக்கும். ஜிம்ல "பொண்ணுங்களுக்கு ஏத்த மைல்டு ஐட்டம்"னு கைமாறுற அனவார் இந்த ஆக்ஸாண்ட்ரலோனேதான், அமெரிக்கால மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2023ல இதுக்கு குடுத்த அனுமதியவே திரும்ப வாங்கிடுச்சு.

குரல் மாறல, முகத்துல முடி வளரல, அப்போ டோஸ் ஒத்துக்குச்சுன்னு நெனைக்கிறதும் தப்பு. கொலஸ்ட்ரால் மாறுறது வெளிய தெரியாது, சில வாரத்துலயே நடந்துடும். மீன் எண்ணெய் கேப்சூல், கார்டியோ எல்லாம் நல்லதுதான், ஆனா மாத்திரை உள்ள போயிட்டே இருக்குறப்போ விழுந்த ஹெச்டிஎல்ல அதால தூக்கி நிறுத்த முடியாது.

டெஸ்ட் எடுக்குற நேரத்துலயும் கோட்டை விடுறாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் இல்லன்னா எதோட ஒப்பிடுவீங்க? நிறுத்தி சில வாரம், சில மாசத்துல ஹெச்டிஎல் பெரும்பாலும் திரும்பி வரும், அப்ப மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்றது, மழை நின்னப்புறம் வெளிய வந்து நான் நனையலயேன்னு சொல்ற மாதிரி.

டாக்டர்கிட்ட மறைக்கிறதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம். அவருக்கு தெரியலன்னா பரம்பரைன்னு நெனச்சு கொலஸ்ட்ரால் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை எழுதுவார், அது முக்கியமா எல்டிஎல்லதான் குறைக்கும், ஹெச்டிஎல் அங்கேயே கிடக்கும், கல்லீரல் ரெண்டு மாத்திரையையும் சேத்து சுமக்கும்.