பொதுநலச் சங்கம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் இருக்க: செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு ஊர்களில் பொதுநலச் சங்கம் தொடங்குவது சுலபம். ஊரணியில் ஆகாயத்தாமரை மண்டினால் போதும், பத்துப் பேர் கூடிவிடுவார்கள். சங்கத்துக்கு ஒரு பெயர், ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு வாட்ஸ்அப் குழு எல்லாம் ஒரே வாரத்தில் தயார். இரண்டாவது ஆண்டில் அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் மிஞ்சும். எதிர்ப்பு வந்து மூடிய சங்கங்கள் குறைவு. ‘இது இன்னாருடைய சங்கம்’ என்று ஊர் முடிவுகட்டியதால் படுத்தவையே அதிகம். காகிதத்தைக் கவனிக்காமல் விட்டதால் படுத்தவை அதற்கு அடுத்து.

கட்சி இல்லாத தேர்தல் என்ற பொறி

ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களில் கட்சிச் சின்னம் உண்டு. இதனால் கிராமத்துச் சங்கங்கள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. “இங்கேதான் கட்சியே இல்லையே, நம்ம ஆள் ஒருத்தரை நிறுத்துவோம்” என்று இறங்கிவிடுகின்றன. அவர் ஜெயித்தால், தோற்றவருக்கு ஓட்டுப்போட்ட தெருக்கள் சங்கத்தை விட்டு விலகும். தோற்றால், சங்கம் கொடுக்கும் மனுவெல்லாம் ஐந்து வருடத்துக்கு எதிரணியின் மனுவாகவே பார்க்கப்படும். எப்படிப் பார்த்தாலும் சங்கத்துக்குப் பாதி ஊர் போச்சு.

இதைச் சங்கத்தின் விதித்தொகுப்பான பைலாவிலேயே எழுதி வையுங்கள். எந்தத் தேர்தலிலும் வேட்புமனு தாக்கல் செய்யும் நாளே நிர்வாகி பதவி விலக வேண்டும், தேர்தல் முடிந்து ஓராண்டுக்கு அவர் நிர்வாகப் பொறுப்புக்கு வரக்கூடாது, கட்சிப் பொறுப்பில் இருப்பவர் உறுப்பினராகலாம், நிர்வாகியாக முடியாது. வாய்மொழி ஏற்பாடு தேர்தல் சூட்டில் நிற்காது.

அதற்காக உறுப்பினர்களின் கட்சியை மறைக்கச் சொல்லவில்லை. காரைக்குடி கம்பன் கழகத்தை 1939இல் தொடங்கிய சா. கணேசன் வெளிப்படையான அரசியல்வாதி. காங்கிரஸில் இருந்தார், பிறகு சுதந்திராக் கட்சிக்குப் போனார், 1962இல் அக்கட்சியின் சட்டமன்ற உறுப்பினரானார். கழகம் கம்பனுடையதாகவே இருந்தது, எல்லாக் கட்சிக்காரர்களும் அந்த மேடையில் ஏறினார்கள். ஆளுக்குக் கட்சி இருக்கலாம், மேடைக்கு இருக்கக்கூடாது.

தேர்தல் காலத்தில் சங்கம் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் தவறுதான். எல்லா வேட்பாளருக்கும் ஒரே ஐந்து கேள்விகளை எழுத்தில், ஒரே நாளில் கொடுங்கள். பதில்களை ஒரே தாளில், பெயரின் அகர வரிசையில் வெளியிடுங்கள். பதில் தராதவர் பெயருக்கு எதிரே ‘பதில் வரவில்லை’ என்று மட்டும் போடுங்கள், விமர்சனம் வேண்டாம். வாக்காளர் பட்டியல் வேலையும் உண்டு: புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்கும் வீடு மாறியதற்கும் படிவம் 8. ஆனால் பெயர் நீக்கக் கோரும் படிவம் 7ஐச் சங்கத்தின் பெயரில் கட்டுக்கட்டாகக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஒரு தரப்பின் ஓட்டைக் குறைக்கிறீர்கள் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

கூட்டம் போடும் இடத்துக்கும் இது பொருந்தும். ஒரு சமூகத்தாரின் விடுதியிலோ கோயில் மண்டபத்திலோ தொடர்ந்து கூடினால், வரவேண்டிய சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நூலகம், பள்ளி, சமுதாயக்கூடம் போதும்.

வெளிநாட்டுப் பணம்

இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து இது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவு இல்லாத தெரு குறைவு. ஊருக்கு வருபவர் ஆசையோடு ஒரு லட்சத்தை எடுத்து நீட்டுவார், செயலாளரும் ரசீது போட்டுவிடுவார்.

2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பார்ப்பது கொடுப்பவரின் குடியுரிமையை. இந்தியக் குடிமகன் சிங்கப்பூரில் சம்பாதித்துத் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மலேசியக் குடியுரிமை வாங்கியவர் கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் ரூபாயாக, காரைக்குடியிலேயே, கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குப் பொதுவாகச் சங்கம் மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் நோக்கத்துக்காக ரூ.15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். ஊர்ச் சங்கத்துக்கு இது எட்டாத கணக்கு. அவருடைய பணத்தை இங்கிருக்கும் தம்பியின் கணக்கு வழியாகச் சுற்றி வாங்குவது இன்னும் மோசம். பணத்தை மரியாதையோடு மறுத்துவிட்டு, அவர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் ஊரணியின் பழைய படம், அதற்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் பற்றிய பத்திர நகல் கேளுங்கள். பல நேரம் ஆக்கிரமிப்பு விவகாரத்தில் அதுதான் பணத்தைவிட உதவும்.

உள்ளூர்ப் பணத்திலும் ஒரே பெரிய நன்கொடையாளரை நம்பாதீர்கள். பாதிச் செலவை ஒருவர் ஏற்றால், அவர் கடைக்கு முன்னால் இருக்கும் ஆக்கிரமிப்பைப் பற்றிச் சங்கம் வாய் திறக்காது. நகரத்தார் கோயில்களில் புள்ளிக்கு, அதாவது மணமான தம்பதிக்கு, இவ்வளவு என்று வரி வைப்பது இந்த மண்ணுக்குப் பழகிய முறை. அதையே பின்பற்றி வீட்டுக்கு மாதம் ரூ.50 போட்டு, ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு வாங்கும் தொகை மொத்த வரவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வையுங்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி) பெற்ற சங்கமானாலும், ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு வரிச்சலுகை கிடையாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதிவு செய்ததோடு மறந்துவிடுவது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. நிர்வாகிகள் மாறினால் மூன்று மாதத்துக்குள் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 (வாக்காளர் பட்டியலின் படிவம் 7 வேறு). நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் எல்லோரும் விடுகிறார்கள். பழைய தலைவர் இறந்தோ சென்னைக்குப் பிள்ளையிடம் போயோ, காசோலையில் கையெழுத்திடுபவரை மாற்ற வங்கிக்குப் போகும்போது தெரியும். பதிவாளர் அலுவலகத்தில் ஏற்கப்பட்ட படிவம் 7 எங்கே என்று கேட்பார்கள். தாமதத்துக்கான அபராதம், விளக்கம் என்று மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை பணம் வங்கியிலேயே கிடக்கும்.

மனு போகும் விலாசம்

செட்டிநாடு ஒரு நிர்வாக எல்லை அல்ல. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம், ராயவரமும் கடியாபட்டியும் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் கடியாபட்டி அடங்கிய திருமயம் சட்டமன்றத் தொகுதி சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஆகவே கடியாபட்டிக்காரர் ஆட்சியருக்குப் புதுக்கோட்டைக்கும், எம்.பி.க்கான மனுவைச் சிவகங்கை உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. அதோடு இணைந்த ஊராட்சிகளில் இனி கிராம சபை கிடையாது, பழைய பழக்கத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு நடப்பது வீண்.

நீர்நிலை மனுக்கள்தான் அதிகம் வழி தவறுகின்றன. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு, ஏறத்தாழ 100 ஏக்கருக்கு, மேற்பட்ட கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊரணி உள்ளாட்சியுடையதாக இருக்கலாம், கோயிலுடையதாகவும் இருக்கலாம். முதலில் நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டு நகலும், நில அளவைப் புலப்படமும் எடுத்து, சர்வே எண்ணை மனுவின் முதல் வரியில் எழுதுங்கள். அனுமதிக் கடிதம் கையில் வராமல் ஜேசிபியை இறக்காதீர்கள். தூர்வாரிய மண்ணை ஒரு டிராக்டர் வெளியே கொண்டுபோனாலும் கனிமவளத் துறை கேள்வி கேட்கும், மண் விற்றார்கள் என்று ஊரும் பேசும். ஊரணியை ஆழமாக்கிவிட்டு வரத்துக்காலை அப்படியே விடுவது இன்னொரு பெரிய வீண்செலவு. ஐப்பசி மழை பெய்யும், குழி காய்ந்து கிடக்கும். வரத்துக்காலைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் ஆடிக்குள்.

தகவல் உரிமை மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது, சங்கத்தின் பெயரைக் காட்டியே திருப்பிவிட வாய்ப்புண்டு. ஒரு நபரின் பெயரில், ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். “ஏன் சாலை போடவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது. “இந்தச் சாலைக்கான பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டியல் தொகை வழங்கிய ஆவணம், இவற்றின் நகல்” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளை மனு போட்ட அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பெரும்பாலான மனுக்கள் 31ஆம் நாளில்தான் சாகின்றன.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும் (குறைவெண் வரம்பு). கத்திப் பேசிவிட்டு வருவது பயனில்லை. தீர்மான வாசகத்தை இரண்டு வரியில் எழுதி ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதிவேட்டில் அது எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஆள் பிடிப்பதும் விடுவதும்

கல்லூரி மாணவர்களை நம்பி வேலை வகுப்பவர்கள் மே மாதத்தை மறந்துவிடுகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை கணக்கில் உண்டு. ஜூலை முதல் பிப்ரவரி வரை கணக்கெடுப்பு, மரம் நடுதல் போன்ற முடிவுள்ள வேலைகளைக் கொடுங்கள், தொடர்ந்து பின்பற்ற வேண்டிய மனுக்களைக் கொடுக்காதீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் உறுப்பினர்கள் பங்குனியிலும் தைப் பொங்கலுக்கும் வருவார்கள். பொதுக்குழுவை அப்போது வைத்தால் ஆள் சேரும். தேதியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கம்பன் விழா பங்குனி அத்த நட்சத்திரத்தில் நாட்டரசன்கோட்டையில் முடியும் என்பதை யாரும் அழைப்பிதழ் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்தால் மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள், ஒன்றரை மணியில் முடியுங்கள்.

செயலாளர் மாறும்போது பொறுப்போடு பையும் மாற வேண்டும். தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகங்களின் வரிசை எண், மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, வங்கிப் புத்தகம், மின்னஞ்சல் கடவுச்சொல், நிலுவை மனுக்களின் அடுத்த தேதி ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி இருவரும் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு எப்போதும் இரண்டு அட்மின் வையுங்கள், இருவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது.