இல்லாத கட்டடத்தைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மறைந்துபோன கட்டடங்கள் நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகியிருக்கிறது. விடுமுறை நாட்களில் பழைய வரைபடத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு பாரிமுனையிலும் எழும்பூரிலும் அலைகிறவர்களைப் பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தலைமுறை எந்தக் குழிகளில் விழுந்து எழுந்ததோ, அதே குழிகளில் அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். மவுண்ட் ரோடுதான் அண்ணா சாலை, பாப்ஹாம்ஸ் பிராட்வேதான் பிரகாசம் சாலை என்பவை போன்ற பெயர் மாற்றங்களை இங்கே சொல்லப் போவதில்லை. அரை மணி நேரம் செலவிட்டால் எவரும் அவற்றைத் தெரிந்துகொள்ளலாம்.

வளாகத்தையும் கட்டடத்தையும் ஒன்றாகக் கொள்வது

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ராஜாஜி மண்டபத்தைக் காட்டி, "இதுதான் கவர்னர் பங்களா" என்கிறார்கள். ராஜாஜி மண்டபம் 1802இல் கட்டி முடிக்கப்பட்ட விருந்து மண்டபம். ஆளுநர்கள் குடியிருந்த மாளிகை அதே தோட்டத்தில் தனியாக நின்று, புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. அந்தப் புதிய வளாகம்தான் இப்போது பல்நோக்கு மருத்துவமனையாக இருக்கிறது. பழைய சென்னையின் தோட்ட வீடுகள் பல ஏக்கர் பரப்புக்குள் எங்கோ ஓரிடத்தில் நின்றவை. எனவே தோட்டத்தின் எல்லையைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

கதவு எண்

ஒரே வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு தொங்கும் ஊரில், நூறாண்டுக்கு முந்தைய கதவு எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் இறங்காதீர்கள்.

அடையாளச் சின்னம் எந்த ஆண்டுக்குரியது என்று கேட்காமல் அதிலிருந்து அளப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. பழைய குறிப்புகள் ஓர் இடத்தைத் தனியாகச் சொல்வதில்லை. இன்னதற்கு வடக்கே, இன்னதற்கு எதிரே என்றே சொல்லும். அந்த 'இன்னது' இன்றைக்கும் அதே பெயரில் நம் கண்முன் நின்றுவிட்டால், தொடக்க நிலையில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு உடனே நடக்கத் தொடங்கிவிடுகிறார். கட்டடம் அழிந்தாலும் பெயர் அழியாமல் பக்கத்துத் தெருவுக்கோ ஊரின் மறுகோடிக்கோ குடிபெயர்ந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றுவதேயில்லை.

சென்னைக் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1796இல் முதல் விளக்கு எரிந்தது புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல். 1844 முதல் அது இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் தனியாக நிற்கும் கல்தூணுக்கு மாறியது. 1894இல் அங்கிருந்து உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சிக்கு ஏறியது. இப்போது மெரினாவின் தென்கோடியில் இருப்பது 1977இல் செயல்படத் தொடங்கிய நான்காவது விளக்கு. ஆக, ஒரு குறிப்பில் 'கலங்கரை விளக்கம்' என்று படித்தால் அது இந்த நான்கில் எது என்பதை அந்தக் குறிப்பின் ஆண்டுதான் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மரபு நடைக் குழுவினர், 1830களில் எழுதப்பட்ட ஒரு குறிப்பை நம்பி, ஒரு வணிக நிறுவனத்தின் மறைந்துபோன அலுவலகத்தைத் தேடினார்கள். விளக்கிலிருந்து வடக்கே இத்தனை கெஜம் என்று அந்தக் குறிப்பு தெளிவாகவே சொல்லியிருந்தது. அவர்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக் கல்தூணிலிருந்து கெஜக்கணக்கைப் பிசகாமல் அளந்து, ஒரு கிடங்கின் முன் போய் நின்று, அதுதான் இடம் என்று துண்டறிக்கையும் அச்சிட்டுவிட்டார்கள். குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் அந்தத் தூணில் விளக்கு ஏற்றப்படவே இல்லை. கோட்டைக்குள் இருந்த விளக்கிலிருந்து அளந்திருக்க வேண்டும். பிழை அரைக் கிலோமீட்டருக்கும் மேல். நான் சுட்டிக்காட்டியபோது, அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாக ஒருங்கிணைப்பாளர் பணிவோடு சொன்னார். அடுத்த பதிப்பு வரவில்லை. ஆனால் அந்தத் துண்டறிக்கையைப் பார்த்து ஒரு நாளிதழில் கட்டுரை வந்தது. பிறகு வேறோர் இளைஞர் அதே கட்டுரையின் நறுக்கை என்னிடமே கொண்டுவந்து காட்டி, "பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே, ஐயா" என்றார். தவறான இடம் ஒருமுறை அச்சேறிவிட்டால் அடுத்தவருக்கு அதுவே ஆதாரமாகிவிடுகிறது. இந்தத் தவறு விலை மிகுந்தது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆங்கிலேயர் 'பிளாக் டவுன்' என்றழைத்த இந்தியர் குடியிருப்பான கறுப்பர் நகரத்தின் கதையும் இதுதான். கோட்டைக்கு நேர் வடக்கே ஒட்டியிருந்த முதல் கறுப்பர் நகரம், பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்த பிறகு ஒரு பகுதியும், அதை மீட்ட ஆங்கிலேயரின் கையால் எஞ்சிய பகுதியுமாக இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் சேர்ந்த பகுதி அதன் பிறகு அந்தப் பெயரைத் தாங்கி, 1906இல் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பழைய ஊரின் நடுவே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அப்போது இடிக்கப்பட்டு, 1760களில் இன்றைய பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அதற்கு உதவினார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த வரைபடத்தின் நகலைப் பூக்கடைக் கோயில் வாசலில் விரித்துவைத்து, சுற்றுத் தெருக்கள் பொருந்தவில்லையே என்று வரைபடம் வரைந்தவனைத் திட்டிக்கொண்டிருந்த மாணவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த வரைபடத்தில் இருக்கும் கோயிலின் இடம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. பழைய ஊர் இடிந்த வெளியில் இனி எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் ஆறு நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. அதைத் தாண்டிப் போய்த்தான் எல்லோரும் பூக்கடைக்கு நடக்கிறார்கள்.

அண்மைக் காலத்துக்கும் இது பொருந்தும். 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது சென்ட்ரல் நிலையத்தின் புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. வியாபாரிகளோ அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ஆட்டோக்காரரிடம் 'மூர் மார்க்கெட்' என்று சொன்னால் இரண்டில் எங்கே இறக்கிவிடுவார் என்பது அவருடைய வயதைப் பொறுத்தது.

நான் இப்போது எந்த ஆவணத்தைத் திறந்தாலும், அதில் வரும் ஒவ்வோர் அடையாளத்துக்கும் எதிரே அது அந்த இடத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருந்தது என்று எழுதிய பிறகே வரைபடத்தைத் தொடுகிறேன். பிறகு, கோட்டைக்குள் 1680 முதல் நகராமல் நிற்கும் புனித மேரி தேவாலயம் போன்ற ஒன்றிலிருந்து தனியாக அளந்து சரிபார்க்கிறேன். இரண்டு அளவும் ஓரிடத்தில் சந்திக்காவிட்டால் எதையும் அறிவிப்பதில்லை.

கடலிலிருந்து அளப்பது

துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே கடல் நிலத்தை அரித்தது. 'கடலிலிருந்து இத்தனை அடி' என்னும் குறிப்பு எந்தக் கடலைச் சொல்கிறது என்று தெரியாமல் நாடாவை விரிக்காதீர்கள்.

நான்கெல்லையைத் தலைகீழாகப் படிப்பது

தமிழ்ப் பத்திரங்களில் சக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லைகள், எழுதும் முறைக்குப் பழகாதவர்கள் இங்கே கட்டாயம் தடுமாறுவார்கள். 'செட்டியார் வீட்டுக்குத் தெற்கு' என்று இருந்தால், நீங்கள் தேடும் மனை செட்டியார் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அதாவது மனையின் வடக்கு எல்லைதான் செட்டியார் வீடு. ஆங்கிலப் பத்திரங்களோ வடக்கே இன்னார் வீடு என்று நேராகச் சொல்லிவிடும். இரண்டையும் கலந்து படித்து மனையை எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் ஏராளம். பத்திரத்தில் ஓ.எஸ். எண்ணும் ஆர்.எஸ். எண்ணும் சேர்ந்து இருந்தால், பழைய அளவைக்கும் மறு அளவைக்கும் இடையே பாலம் கிடைத்துவிட்டது என்று பொருள். அவற்றை விட்டுவிட்டுப் பெயர்களைத் துரத்த வேண்டாம்.

பழைய தீர்க்கரேகையை அப்படியே கைப்பேசியில் இடுவது

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்றைய வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792இல் சென்னை வானாய்வகம் அமைந்தது. கட்டடம் போய்விட்டது, தொலைநோக்குக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது. அருகே போய்ப் பார்த்தால், கல்லில் லத்தீன் எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நாட்டின் பெரு நில அளவைக்குத் தீர்க்கரேகைக் கணக்கின் தொடக்கப் புள்ளியாக இருந்தது இந்த வானாய்வகம். அதன் தீர்க்கரேகையாகப் பழைய வரைபடங்கள் கொண்ட மதிப்பு, உண்மையான மதிப்பைவிட ஏறத்தாழ இரண்டரை கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கிழக்கே தள்ளியிருந்தது. திருத்தாமல் அந்த எண்ணைக் கைப்பேசியில் இட்டால், நுங்கம்பாக்கத்துக் கட்டடம் நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து கடலோரத்தில் போய் விழும். பல வரைபடங்களின் ஓரத்திலேயே இந்தத் திருத்தக் குறிப்பு பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நகலெடுக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த ஓரம்தான்.

அஞ்சலட்டைப் படங்கள்

இடவலம் மாறி அச்சான படங்கள் உண்டு. கடையின் பெயர்ப்பலகையை உருப்பெருக்கிப் படியுங்கள். எழுத்து நேராக இருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். படத்தின் கீழே அச்சிட்ட விளக்கத்தைக் கடைசியில் படியுங்கள்.

விடையைச் சொல்லிவிட்டுக் கேட்பது

"இங்கேதானே இருந்தது, தாத்தா?" என்று கேட்டால், "ஆமாம், தம்பி" என்றுதான் பதில் வரும்.

அனுமதி

உயர் நீதிமன்ற வளாகம், துறைமுகம், கோட்டையின் ராணுவப் பகுதி ஆகியவற்றில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வானிலை மையத்துத் தூணைப் பார்க்கவும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போகும்போது அந்தக் கடிதத்தின் நகலையும் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.