டிரெய்லருக்குப் புது டயர்: டிஸ்க் கெடாமல் மாட்டுவது எப்படி

டிராக்டர் டிரெய்லரில் டயர் உட்காரும் ரிம்மும், நட்டு போடும் தட்டும் சேர்ந்த இரும்புச் சக்கரத்தைத்தான் டிஸ்க் என்கிறோம். நல்ல டிஸ்க் ஒன்று நாலைந்து டயரைப் பார்த்துவிடும். ஓட்டத்தில் அது கெடுவது குறைவு. டயர் மாற்றும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ரிம்மின் ஓரம் நெளிகிறது, டயரைப் பிடித்து நிறுத்தும் ரிங் கோணுகிறது, நட்டு உட்காரும் துளை தேய்கிறது. காவிரி டெல்டாவில் இதற்குத் துரு ஒரு பெரிய காரணம். சேற்றில் இறங்கி ஏறும் டிரெய்லர், பொட்டாஷ் மூட்டை ஏற்றும் டிரெய்லர், வேதாரண்யம் பக்கம் உப்பு நடை அடிக்கும் டிரெய்லர் எதுவானாலும் ஒரு மழைக்காலம் போனால் டயர் ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரிக்கச் சம்மட்டியை எடுப்பார்கள். சேதம் அங்கே தொடங்குகிறது.

ஆகவே முதலில் காலம் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது, நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கிற வண்டிக்கு அவசரமாக டயர் மாற்றினால், துரு சுரண்டவோ பெயிண்ட் காயவோ யாருக்கும் பொறுமை இருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில், வழக்கமாக ஜூன் 12-ல் நடக்கும் மேட்டூர் அணைத் திறப்புக்கு முன்னால், வண்டி சும்மா நிற்கும்போது மாற்றுவதே சரி. டிஸ்க் ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கிடக்கலாம். கடைக்காரருக்கும் அப்போது வேலை குறைவு.

உங்கள் வண்டியில் எந்த வகை டிஸ்க் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறிய வண்டிகளில் ஒரே துண்டு டிஸ்க் இருக்கும்; நடுவில் பள்ளம் உண்டு, லிவர் (நெம்பும் இரும்பு) போட்டுத்தான் டயரைக் கழற்ற முடியும். 7.50-16, 9.00-16 டயர் போடும் வண்டிகளில் பெரும்பாலும் ரிங் வைத்த டிஸ்க்; ஒரு பக்க ஓரம் தனி ரிங்காகக் கழன்று வரும். லாரி அச்சும் 9.00-20 டயரும் போட்ட வண்டிகளில் ரிம், பக்க ரிங், வெட்டு விட்ட லாக் ரிங் என மூன்று துண்டாகவும் வரும். டிஸ்க்கின் மேல் அளவு அச்சடித்திருக்கும். 7.50-16 டயருக்கு 6.00ஜி-16, 9.00-20 டயருக்கு 7.0-20 என்பது வழக்கமான ரிம். துரு மூடிய அச்சைக் கம்பி பிரஷால் தேய்த்துப் படித்துக்கொண்டு டயர் வாங்கப் போங்கள். பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கேட்டு வாங்கினால், முன்பு யாரோ தப்பான அளவைப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும்.

கழற்றும் முன்

வண்டியைக் காலியாக்குங்கள். 40 கிலோ சிப்பம் 100 ஏற்றினாலே 4 டன். அதை ஜாக்கியில் தூக்குவது விளையாட்டில்லை. இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் டிராக்டரில் மாட்டியபடியே வையுங்கள், இல்லையேல் முன்னோ பின்னோ சாயும். எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். களிமண் தரையில் ஜாக்கி மெல்ல இறங்கும். அடியில் இரண்டு அங்குலக் கனமுள்ள பலகை போடுங்கள். ஜாக்கி அச்சுக்கு அடியில் இருக்க வேண்டும், ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் வேண்டாம். தூக்கியதும் அச்சுக்குக் கீழே மரக்கட்டை அடுக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே கை விடக் கூடாது.

நட்டு முழுதாகக் கழலும் முன் காற்று முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சிறு பின்னைக் கழற்றி எடுத்துவிட்டு, சத்தம் நின்ற பிறகு வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். துருவும் சேறும் அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றும் உள்ளே காற்று இருக்கும். ரிங் வைத்த டிஸ்க்கில் இதை விட்டால் டிஸ்க் போவதோடு நிற்காது. உள்ளே காற்று இருக்கையில் ரிங் கழன்றால், நேரே நிற்பவர் பிழைப்பது அரிது. கடையில் சொல்லத் தயங்க வேண்டாம்: “அண்ணே, பின்னை எடுத்துட்டு, கம்பி விட்டுப் பாத்துட்டு அப்புறம் நட்டுல கை வைங்க.” நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நட்டை விடும்போது ஒரு கவனம். லாரியிலிருந்து எடுத்துப் போட்ட அச்சுகளில் இடது பக்கம் இடது மரை இருக்கலாம்; அந்த நட்டு வலப்புறம் திருகினால்தான் கழலும். போல்ட்டின் முனையில் ‘எல்’ என்று அடித்திருக்கும். அது தெரியாமல் பைப் மாட்டித் திருகினால் போல்ட் முறியும். இறுகிய நட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். மறுநாள் காலையில் போல்ட், நட்டு, துளை எல்லாவற்றிலும் அந்த எண்ணெயைத் துடைத்தெடுங்கள்.

ஒட்டிய டயரைப் பிரிப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். ரிம்முக்கும் டயரின் கம்பி விளிம்புக்கும் நடுவில் கெட்டியாகக் கரைத்த சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி, அரை மணி ஊற விடுங்கள். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஊற்றுங்கள். டீசல், கிரீஸ் வேண்டாம். அவை ரப்பரை ஊதவைக்கும், ரிம்மில் தங்கிப் புது டயரையும் வழுக்கவைக்கும். வழுக்கும் டயர் ரிம்முக்குள் சுற்றும், டியூபின் வால்வு வேரோடு அறுந்துபோகும்.

ஊறிய பின் ஹைட்ராலிக் அழுத்தி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் தட்டை முனையுள்ள லிவரை விளிம்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து அமுக்க வேண்டும். ஒரே இடத்தில் பலம் கொடுத்தால் ரிம்மின் ஓரம் அங்கே வெளியே மடங்கும். டயரின் மேல் டிராக்டரை ஏற்றி விளிம்பை உடைப்பது, லோடரின் வாளியால் அமுக்குவது எல்லாம் பல ஊர்களில் நடக்கிற வேலைதான். டயர் விடும், கூடவே டிஸ்க்கும் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அப்படி நெளிந்தது கண்ணுக்குத் தெரியாது. மறு வருடம் ஒரு பக்கம் மட்டும் டயர் தேயும்போதுதான் தெரிய வரும்.

கேஸ் வைத்துச் சூடாக்குவது முழுக்கத் தவிர்க்க வேண்டியது. டயர் மாட்டியபடி டிஸ்க்கில் தீ வைத்தால், காற்று இல்லாவிட்டாலும் உள்ளே ரப்பர் வாயுவாகி வெடிக்கலாம். டயர் இருக்கும்போது டிஸ்க்கில் வெல்டிங் வைப்பதும் இதே ஆபத்து.

லிவரைப் பற்றி ஒரு வார்த்தை. கடப்பாரை லிவர் ஆகாது. அதன் கூர்முனை ரிம்மின் ஓரத்தைக் கீறும், கீறிய இடத்தில் துரு ஏறும், துரு டியூபைத் தேய்க்கும். முனை வளைந்து, தட்டையாக, அரத்தால் ராவி வழவழப்பாக இருக்கும் லிவர் இரண்டு போதும். ரிம்முக்கும் லிவருக்கும் நடுவில் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். ஒரு தடவைக்கு நாலு அங்குலத்துக்கு மேல் தூக்க வேண்டாம். ஒரே துண்டு டிஸ்க்கில் பள்ளம் ஒரு ஓரத்துக்கு நெருக்கமாக இருக்கும். அந்த ஓரம் மேலே வரும்படி சக்கரத்தைக் கிடத்தி, டயரின் எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டு லிவர் போடுங்கள். விளிம்பு பள்ளத்தில் இறங்காமல் இழுத்தால் எவ்வளவு பலசாலியானாலும் வளைவது ரிம்தான். மாட்டும்போது வால்வுக்கு எதிரில் தொடங்கி வால்வில் முடியுங்கள்.

ரிங் டிஸ்க்கில் லாக் ரிங்கைக் கழற்ற அதற்கென்று ஒரு வெட்டு இருக்கும். அங்கேதான் லிவரை நுழைக்க வேண்டும். ரிங்கை ஒரே இழுப்பில் பிடுங்காமல், ஒரு முனையிலிருந்து சிறுகச் சிறுக ஏற்றி வாருங்கள். அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரப்பர் அல்லது பித்தளைச் சுத்தியல். இரும்புச் சம்மட்டியின் ஒவ்வொரு அடியும் ரிங்கின் நெளிவை மாற்றும். நெளிந்த ரிங் பள்ளத்தில் முழுதாக உட்காராது.

டிஸ்க்கைச் சோதிப்பது

டயர் கழன்ற டிஸ்க் கையில் கிடைப்பது சில வருடங்களுக்கு ஒரு முறை. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, செதில் செதிலாக எழும்பியதை எல்லாம் சுரண்டி எடுங்கள். ரிங் உட்காரும் பள்ளத்தில் காய்ந்த சேறு கல் போல இருக்கும். பழைய ஹேக்சா பிளேடால் குத்தி எடுங்கள். அங்கே ஒரு துணுக்கு மிஞ்சினாலும் ரிங் தூக்கிக்கொண்டு நிற்கும்.

விரிசல் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சுத்தம் செய்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஒரு கோடு எழும். போல்ட் துளைகளுக்கு நடுவில், கை நுழையும் ஓட்டைகளின் ஓரத்தில், ரிம்மும் தட்டும் சேரும் வெல்டிங்கில், ரிங் பள்ளத்தின் மூலையில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கோடு விழுந்த டிஸ்க் காயலான் கடைக்குத்தான். வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும்.

நட்டு உட்காரும் துளையைப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகியிருந்தாலோ, சரிவு தேய்ந்து உதடு எழும்பியிருந்தாலோ நட்டு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ரிங்கைச் சமதளத் தரையில் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ஆடினால் அது கோணியது. வெவ்வேறு கம்பெனி ரிங்கையும் ரிம்மையும் சேர்த்து மாட்டவே கூடாது. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் பள்ளத்தின் கோணம் வேறாக இருக்கும்.

பெயிண்ட்: ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே எனாமல் ஒரு கை, இரண்டும் மெல்லியதாக. ஹப்பில் (அச்சின் முனையில் சக்கரம் மாட்டும் பகுதியில்) ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் சரிவிலும் அடிக்க வேண்டாம். அங்கே கனமான பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி உதிர்ந்து, இறுக்கிய நட்டு தானாகவே லூசாகும்.

மாட்டுவதும் காற்று ஏற்றுவதும்

புது டயருக்குப் புது டியூப், புது ஃபிளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் பட்டை). பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே வெடிக்கும். டயருக்குள் டால்கம் பவுடரை மெல்லத் தூவி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். டியூப் உருண்டையாகும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றி உள்ளே வைத்து, ஃபிளாப்பைச் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். கம்பி விளிம்பில் சோப்புத் தண்ணீர் மெல்லத் தடவினால் போதும். ரிங்கின் வெட்டு வால்வுக்கு நேரே வராமல் தள்ளி இருக்கட்டும்.

காற்றை 10 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி நிறுத்துங்கள். ரிங் சுற்றிலும் பள்ளத்தில் ஒரே ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறதா, வெட்டின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சரியில்லை என்றால் காற்றை முழுதாக இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். காற்று இருக்கும்போது ரிங்கைத் தட்டி உட்காரவைப்பதுதான் பஞ்சர் கடைகளில் உயிரைக் குடிக்கும் பழக்கம். மேற்கொண்டு ஏற்றும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். கூண்டு இல்லாத கடையில் ரிங் டிஸ்க்குக்குக் காற்று பிடிக்காதீர்கள். கூண்டு இருந்தாலும் நீள ஹோசும் வால்வைக் கவ்வும் கிளிப்பும் வைத்து, ரிங்குக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும்.

ஒரு தடவை முழுதாக ஏற்றி, எல்லாக் காற்றையும் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். முதல் தடவையில் மடிந்த டியூபும் ஃபிளாப்பும் இதில் நேராகும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். பிளை (டயரின் அடுக்கு எண்ணிக்கை) கூடினால் காற்றும் கூடும். காலால் உதைத்துப் பார்க்காமல் கேஜ் வைத்துப் பாருங்கள். பின்னாளில் எப்போதாவது இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கி அந்தச் சக்கரம் ஓடியிருந்தால், அப்படியே காற்று பிடிக்காமல் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். காற்றில்லாமல் ஓடும்போது ரிங் இடம் மாறியிருக்கலாம்.

சக்கரத்தை ஹப்பில் ஏற்றும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் திருப்புங்கள். பிறகு எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால் ஒரு பக்கம் டிஸ்க் கோணி உட்காரும், சரிவும் நசுங்கும். கடைசி இறுக்கம் கை ஸ்பேனரில், முடிந்தால் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரில்), அச்சு செய்த கம்பெனி சொன்ன அளவுக்கு. மரையில் கிரீஸ் தடவுவது நம் பக்கம் பெரிய வழக்கம். தடவினால் அதே பலத்துக்கு நட்டு கூடுதலாக இறுகி போல்ட் நீளும். காய்ந்த மரையே சரி.

கீழே இறக்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றி, செங்கல் மேல் ஒரு ஆணியை ரிம் ஓரத்துக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள். இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் நட்டை விட்டு, ஹப் முகத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள். முதல் லோடு இறக்கியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கம் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி. நட்டைச் சுற்றி வெளிப்பக்கமாகச் செம்பழுப்பு நிறத்தில் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு ஓட்டத்தில் அசைகிறது. இறுக்குவதோடு விடாமல் கழற்றித் துளையைப் பாருங்கள்.