மாண்டிசோரினு போர்டு மாட்டிட்டு நாம பண்ற தப்புகள்

மாண்டிசோரினா குழந்தை தானே ஒரு வேலைய தேர்ந்தெடுத்து, அதுக்குன்னு செஞ்ச சாமான கையாள வச்சு கத்துக்கற முறை. அந்த கிளாஸ் ஏன் சரியா நடக்கலைன்னு கேட்டா முக்கால்வாசி பேரு மெட்டீரியல் பத்தலைன்னுதான் சொல்றாங்க. ஆனா ஷெல்ஃப் நிறைய சாமான் அடுக்கி வச்ச கிளாஸ்லயும் பசங்க எதுலயும் நிலைக்காம சுத்திக்கிட்டே இருக்கறத பாக்குறோம்ல, அங்க குறை பசங்க கிட்டயும் இல்ல சாமான்லயும் இல்ல, பெரியவங்க நாமதான் அவங்க நேரத்த துண்டு போடுறோம், வேலைக்கு நடுவுல போய் பேசுறோம், கை வச்சு திருத்துறோம்.

பெத்தவங்க பண்ற முதல் தப்பு போர்ட நம்புறது. மாண்டிசோரிங்கற பேருக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது, அமெரிக்காவுல 1967லயே அது பொதுப்பேருன்னு முடிவாயிடுச்சு, நம்ம ஊர்லயும் தெருவுக்கு ஒரு போர்டு தொங்குது. ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி டீச்சருங்க எங்க ட்ரெய்னிங் எடுத்தாங்க, எவ்ளோ நாள் எடுத்தாங்கன்னு கேளுங்க. அத விட முக்கியம், கிளாஸ் நடக்கும்போது ஒரு அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பாக்கலாமான்னு கேளுங்க. நல்ல ஸ்கூல்னா ஒரு நாள் சொல்லி வரச் சொல்வாங்க. ஏசி, ஸ்மார்ட் போர்டு எல்லாம் சுத்தி காட்டிட்டு கிளாஸ் கதவ மட்டும் திறக்கலைன்னா யோசிக்கணும்.

அடுத்தது டைம்டேபிள், என்னைக் கேட்டா இதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. இந்த முறைக்கு உயிரே காலைல யாரும் குறுக்க வராம கிடைக்கிற அந்த மூணு மணி நேரம்தான். 9 மணிக்கு ப்ரேயர், 9.30க்கு ரைம்ஸ், 10 மணிக்கு ஸ்நாக்ஸ், 10.30க்கு டான்ஸ் மிஸ், அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் "மாண்டிசோரி லேப்"னு ஒரு ரூமுக்கு வரிசையா கூட்டிட்டு போய் 40 நிமிஷம் விட்டா அது மாண்டிசோரி இல்லங்க, விளையாட்டு பீரியட். குழந்தை ஒரு வேலைய தேர்ந்தெடுத்து, பாய் விரிச்சு, செஞ்சு முடிச்சு, திரும்ப செஞ்சு, எடுத்த இடத்துலயே வைக்கணும்னா அதுக்கு நேரம் வேணும்.

சரி மூணு மணி நேரம் கொடுத்தாச்சு, அப்பவும் ஒரு இடத்துல தடுக்கும். ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆன பிறகு, 10 மணி வாக்குல, கிளாஸ்ல ஒரு சலசலப்பு வரும். ரெண்டு பேரு சும்மா நடப்பாங்க, ஒருத்தன் ஜன்னல் கிட்ட நிப்பான், ஒருத்தி லேசான வேலை எதையாவது எடுத்து பாதில விட்டுடுவா. புதுசா வந்த ஆன்ட்டிக்கு, அதாவது டீச்சருக்கு, இதப் பாத்தா பதட்டம் வந்துடும், உடனே கைதட்டி எல்லாரையும் சர்க்கிள் டைமுக்கு கூப்டுவாங்க. கூப்டாதீங்க. இந்த முறைய உருவாக்கின இத்தாலி டாக்டர் மரியா மாண்டிசோரி, குழந்தைங்க வேலை செய்றத நேரம் வாரியா வரைபடம் போட்டு கவனிச்சு எழுதின விஷயம் இது, களைப்பு மாதிரி தெரியும் ஆனா உண்மையான களைப்பு கிடையாது, கொஞ்ச நேரம் பொறுத்தா அதுக்கப்புறம்தான் குழந்தை அன்னைக்கு உள்ளதுலயே கஷ்டமான வேலைய எடுக்கும், ஆழமா மூழ்கும். நாம கைதட்டினோம்னா அந்த பெரிய வேலை வர்றதுக்கு முன்னாடியே கடைய சாத்திடறோம்.

அப்புறம் திருத்துறது. சிலிண்டர் பிளாக் தெரியும்ல, ஒரு கட்டைல 10 குழி, அதுல பொருந்துற மாதிரி தலைல குமிழ் வச்ச 10 சிலிண்டர். மூணரை வயசு பையன் ஒருத்தன் மெல்லிசு ஒன்ன எடுத்து அகலமான குழில போட்டுட்டு போயிட்டே இருப்பான், எல்லாம் நல்லாத்தான் போகும், கடைசில கைல ஒரு தடி சிலிண்டர் மிஞ்சும், மிச்சம் இருக்குற குழி சின்னது, அழுத்துவான், போகாது, நிமிர்ந்து முழு கட்டையையும் ஒரு தடவ பாப்பான். அந்த பார்வைக்காகத்தான் அந்த சாமானையே செஞ்சிருக்காங்க, தப்பு எங்கன்னு அதுவே சொல்லிடும். சரியா அந்த நேரத்துல "இங்க பாரு கண்ணா, இது அங்க"ன்னு நம்ம கை போனா அவன் கட்டைய பாக்கறத விட்டுட்டு நம்ம மூஞ்ச பாக்க ஆரம்பிச்சிடுவான், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் நம்ம மூஞ்சதான் பாப்பான்.

"குட் பாய்", ஸ்டார் ஸ்டிக்கர் எல்லாம் இதே கேஸ்தான், தனியா சொல்ல ஒண்ணும் இல்ல.

பேர் சொல்லிக் கொடுக்கறதுலயும் ஒரு அவசரம் இருக்கு. இதுக்கு செகாங்கற ஃப்ரெஞ்ச் டாக்டர் கிட்ட இருந்து மாண்டிசோரி எடுத்துக்கிட்ட மூணு படி முறை இருக்கு. முதல் படில "இது சொரசொரப்பு, இது வழுவழுப்பு". ரெண்டாவதுல "சொரசொரப்ப தொட்டு காமி, வழுவழுப்ப என் கைல கொடு". மூணாவதுலதான் "இது எப்படி இருக்கு?"ன்னு கேக்கணும். நிறைய பேரு ஒண்ணுல இருந்து நேரா மூணுக்கு தாவிடுவாங்க, குழந்தை முழிக்கும், உடனே "இப்பதானே சொன்னேன்"னு ஒரு குரல். ரெண்டாவது படிலதான் நிறைய நேரம் செலவாகணும், ஓட வச்சு, தேட வச்சு, எடுத்துட்டு வர வச்சு விளையாட்டா போகலாம். வரலைன்னா தப்புன்னு சொல்லாம மூடி வச்சுட்டு இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

எனக்கு ரொம்ப ஆதங்கமான ஒண்ணு தமிழ். இங்கிலீஷுக்கு மட்டும் விரலால தடவிப் பாக்கற உப்புத்தாள் எழுத்து, எடுத்து அடுக்கி வார்த்தை செய்ற எழுத்துப் பெட்டி எல்லாம் வாங்குவாங்க, தமிழுக்கு கோடு போட்ட நோட்டுல அ அ அன்னு ஒரு பக்கம். 247 எழுத்தான்னு பயப்படுறாங்க, ஆனா அதுல 216 உயிர்மெய், அடில இருக்கறது 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம்தான். துணைக்கால், கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா வெட்டி வச்சா குழந்தையே க பக்கத்துல கால வச்சு கா, ம பக்கத்துல வச்சு மானு படிக்கும், கையால செஞ்சு பாக்க இத விட வசதியான எழுத்து கிடைக்குமா சொல்லுங்க. கு, சு, டு, மு வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், அதனால அத கடைசில வச்சுக்கலாம்.

வீட்ல பண்றவங்களுக்கு சின்னதா ஒண்ணு. ஆன்லைன்ல பிங்க் டவர்னு விக்கற ரோஸ் கலர் கட்டை அடுக்கெல்லாம் வாங்காதீங்க, பணம் தண்டம். தண்ணி ஊத்த சின்ன சொம்பு, துடைக்க ஒரு துணி, உரிக்க பட்டாணி, எட்டுற உயரத்துல தட்டு டம்ளர், இது போதும். உடையற கண்ணாடி டம்ளரே கொடுங்க, பாத்து பிடிக்கக் கத்துக்கும். சுதந்திரம்னா என்ன வேணா பண்ணலாம்னும் நினைக்காதீங்க, அடுத்த குழந்தையோட பாய மிதிக்கக் கூடாது, செஞ்சு காட்டாத சாமான எடுக்கக் கூடாது, எடுத்தத திரும்ப வைக்கணும், எல்லாத்துக்கும் வரம்பு உண்டு.

டீச்சருங்க நமக்குள்ள பேச வேண்டிய விஷயமும் இருக்கு. எந்த சாமான எப்படி செஞ்சு காட்டணும்னு ட்ரெய்னிங்ல ராப்பகலா எழுதின ஆல்பத்த அப்படியே வேதமா வச்சுக்கிட்டு, 1929ல வந்த சர்வதேச மாண்டிசோரி சங்கம் ஏ.எம்.ஐ. பெருசா, 1960ல வந்த அமெரிக்க மாண்டிசோரி சங்கம் ஏ.எம்.எஸ். பெருசான்னு சண்டை போடுறோம், ஆனா தினம் 10 நிமிஷம் நோட்டோட உக்காந்து ஒரே ஒரு குழந்தைய கவனிக்கறது இல்ல. 1907ல ரோம்ல சான் லொரென்சோங்கற ஏழைங்க குடியிருப்புல மாண்டிசோரி ஆரம்பிச்ச முதல் பள்ளியான "குழந்தைகள் வீட்ல", ஒரு நாள் அலமாரி பூட்டாம கிடந்து டீச்சரும் லேட்டா வர, பசங்களே வேண்டிய சாமான எடுத்து வேலைய ஆரம்பிச்சுட்டாங்க. அத திருட்டுன்னு நினைக்காம, இவங்களுக்கு என்ன வேணும்னு இவங்களுக்கே தெரியுதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க மாண்டிசோரி, அதுல இருந்து வந்ததுதான் நாம வைக்கற திறந்த தாழ்வான ஷெல்ஃப். அந்த வீட்டோட அவங்க நின்னுடவும் இல்ல. 1939ல தியோசாபிகல் சொசைட்டி கூப்ட்டு அடையாறு வந்தாங்க, அடுத்த வருஷம் இத்தாலி போர்ல குதிச்சதால ஊருக்கு போக முடியாம நம்ம கொடைக்கானல்லயும் தங்கி, 6ல இருந்து 12 வயசுக்கான பாடத்த அங்கதான் பெருசா வளர்த்தாங்க. மாண்டிசோரினா ப்ளே ஸ்கூல்தான்னு சொல்றவங்களுக்கு இத சொல்லுங்க.

கடைசியா பெத்தவங்களுக்கு, மூணாவது வருஷத்த முடிக்காம பிள்ளைய எடுத்துடாதீங்க. பெரிய ஸ்கூல்ல இப்பவே சீட் பிடிக்கணும்னு நாலரை வயசுல நிறைய பேரு மாத்திடறாங்க. பயம் புரியுது, அட்மிஷன் நிலைமை அப்படி. ஆனா 3, 4, 5 வயசு ஒண்ணா உக்காருற கிளாஸ்ல முதல் ரெண்டு வருஷம் கை பழகினது எல்லாம் ஒண்ணு சேர்றது அஞ்சு வயசுலதான், தானா படிக்க ஆரம்பிக்கறதும் பெரும்பாலும் அப்பதான், எண்ண கத்துக்கற தங்க மணி சாமான்ல ஆயிரம் மணி சேர்ந்த கட்டிய ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து நூறு, பத்து, ஒண்ணுன்னு அடுக்கி நாலு இலக்க கூட்டல் போடுறதும் அப்பதான். இத்தனை நாள் பெரிய பசங்க தனக்கு செஞ்சு காட்டினத, இப்ப மூணு வயசு குட்டிக்கு ஷூ பக்கிள் மாட்டிவிட்டு தான் செஞ்சு காட்டும். மாத்தறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல்லயே ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷனுக்கு என்ன பண்ணலாம்னு கேளுங்க, ஒண்ணாங்கிளாஸ்ல புதுசா சேர்க்கற ஸ்கூல் எதெல்லாம்னு அங்க ஏற்கனவே படிச்சு முடிச்ச பசங்களோட அம்மா அப்பாக்களுக்கு நல்லாவே தெரியும்.