பழைய .44 மேக்னம் ரிவால்வரோடு பழகுவது

போன கோடையில் ஒரு பழைய ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 29-2 வாங்கினேன். .44 மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கான ரிவால்வர், ஆறரை அங்குலக் குழல், கருநீல எஃகு, மரப்பிடி. நான் இருப்பது ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரில். இதே மாநிலத்தில் சால்மன் என்ற சின்ன ஊரில்தான் எல்மர் கீத் வாழ்ந்தார். .44 ஸ்பெஷல் என்ற பழைய, பலம் குறைந்த தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்து, இந்தப் பலத்துக்கென்றே தனியாக ஒரு தோட்டா வேண்டும் என்று வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 1955இல் தோட்டாக் கம்பெனியான ரெமிங்டனும் துப்பாக்கிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெசனும் சேர்ந்து அதை .44 மேக்னம் என்று கொண்டுவந்தார்கள். அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்தே எனக்கு இதன் மேல் ஆசை.

ஆனால் வாங்கிய கையோடு சுடவில்லை. முதல் மேக்னம் தோட்டாவைப் போட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய ரிவால்வர் என்றால் நமக்கு முன்னால் யாரோ அதைச் சுட்டிருக்கிறார்கள், கழற்றியிருக்கிறார்கள், சில சமயம் கெடுத்தும் வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு முதலில் ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே இங்குள்ள மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இறங்கக் கூடாது. நான் க்ரீன் கார்டு வந்த பிறகே வாங்கினேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதையும் பாருங்கள்.

சரி, மேஜைக்கு வருவோம். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றிலும் சுண்டு விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் எழுந்து போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. என் மனைவிக்கு இது வேடிக்கையாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள், அதனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மேஜையில் இல்லாத நேரம் அது பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், தோட்டா வேறொரு பூட்டுக்குள்.

சிலிண்டர் திறந்திருக்கும்போதே, அது மடங்கி வெளியே வரும் இடத்தில் துப்பாக்கியின் எஃகுச் சட்டகத்தைப் பாருங்கள். மாடல் எண் அங்கேதான் பொறித்திருக்கும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 29-2 காலத்துத் துப்பாக்கிகளில் கனமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், உதையில் சிலிண்டரின் பூட்டு விடுபட்டுப் பின்னோக்கிச் சுழல்வதுண்டு. 1980களின் கடைசியில்தான் கம்பெனி சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் வெட்டுகளை நீளமாக்கி உள் பாகங்களைப் பலப்படுத்தியது. ஆக, என் கையில் இருப்பது எந்தத் தோட்டாவுக்கு ஏற்றது என்பதை அந்தச் சின்ன எண்ணே சொல்லிவிடுகிறது. கடையில் கிடைக்கும் 240 கிரெயின் எடைக் குண்டு வைத்த தோட்டா போதும், அதற்கு மேல் போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்து பிடியைக் கழற்றுங்கள். ஒரே ஒரு திருகு. பலகை ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள், திருகைப் பாதி தளர்த்தி அதன் தலையை ஸ்க்ரூ டிரைவரின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானே விலகும். வேர்வை போய்த் தங்குவது அங்கேதான். வெளியே கண்ணாடி மாதிரி பளபளத்த என் ரிவால்வரின் பிடிக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்குத் துரு. நல்லவேளையாக மேலோட்டமானது, எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகு இழையில் போய்விட்டது. பக்கத் தகட்டைத் திறக்கும் திருகுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அவற்றின் வாய் சிதைந்திருந்தால், பொருத்தமில்லாத ஸ்க்ரூ டிரைவரால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிடிச்சட்டத்தின் முன்பக்கம், கீழே, ஒரு சின்னத் திருகு உண்டு. தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹாமருக்கு வேகம் தருவது உள்ளே இருக்கும் பட்டை ஸ்பிரிங், அதை அழுத்தி வைப்பது இந்தத் திருகுதான். ட்ரிகர் இலேசாக வரவேண்டும் என்பதற்காகச் சிலர் இதைத் தளர்த்திவிடுவார்கள். அப்புறம் தோட்டா சில சமயம் வெடிக்கும், சில சமயம் வெடிக்காது. என்னுடையதில் முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. முழுதாக முறுக்கினேன். விற்றவர் கடையில் காட்டிய அந்த வெண்ணெய் போன்ற ட்ரிகர் அதோடு காணாமல் போனது. அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் இதுதான் அதன் உண்மையான இழுப்பு.

இனி நிதானம் வேண்டிய வேலை. ஆறு அறைகளுக்கும் பென்சிலால் எண் எழுதிய சின்னக் காகித டேப்புகளைச் சிலிண்டரின் வெளிப்புறம் ஒட்டினேன். காலி என்று மறுபடி பார்த்துவிட்டு, சிலிண்டரை ஒரு விரலால் இலேசாகத் தொட்டுத் தடுத்தபடி, ஹாமரை நத்தை வேகத்தில் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹாமர் முழுதாக நிற்பதற்கு முன்னாலேயே சிலிண்டர் ‘டிக்’ என்று தன் பூட்டில் விழுந்தாக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று சரி. நான்காவது அறையில் ஹாமர் நின்றுவிட்டது, சிலிண்டர் வந்து சேரவில்லை. மயிரிழை தூரம்தான். விரலால் தள்ளினால் உடனே ‘டிக்’. திரும்பத் திரும்பப் பத்துத் தடவை பார்த்தேன், எப்போதும் அதே நான்குதான். அந்த நிலையில் சுட்டால் அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாமல், குண்டின் ஈயம் சீவி பக்கவாட்டில் தெறிக்கும்.

பிறகு ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, குழலுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். முன்னுக்குத் தள்ளி இன்னொரு முறை. 0.004லிருந்து 0.008 அங்குலம் வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், 0.010ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 0.008, 0.005. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 0.003, சிலிண்டரின் முன்பின் ஆட்டம். மேக்னத்துக்கு இது கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் சுத்தியல் மாதிரி முன்னும் பின்னும் அடித்து, ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

துப்பாக்கி மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் ‘ஹேண்ட்’ என்ற பாகத்தைப் புதிதாகப் பொருத்தி, ஆட்டத்துக்கு 0.002 அங்குல எஃகு வளையம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இந்த இரண்டையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

குழலைப் பார்ப்பது சுலபம். சிலிண்டரைத் திறந்து, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து வெளிச்சம் அடித்தால் வாய்வழியாக உள்ளே எல்லாம் தெரியும். வரிப்பள்ளங்களின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஈயம் படிந்திருந்தால், செம்புக் கம்பிச் சுருளைப் பழைய பிரஷ்ஷில் சுற்றித் தேய்க்கலாம். காந்தத்தில் ஒட்டும் சுருளாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, கீறிவிடும்.

சுடும் நாளில் முதலில் .44 ஸ்பெஷல் மட்டும். மேக்னத்தின் அறையில் அது சரியாகப் பொருந்தும், ஓடுதான் கொஞ்சம் குட்டை. காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, கண்ணாடி. இடது கை விரல் எதுவும் சிலிண்டருக்கு முன்னால் போகக் கூடாது. அந்த மெல்லிய இடைவெளியில் பீறிடும் வாயு சதையைக் கிழித்துவிடும். முதல் முறை ஒரே ஒரு தோட்டா. பெரிய உதைக்குப் பழகாத கை, பிடியை இறுக்கும் வேகத்தில் தன்னை அறியாமல் ட்ரிகரை இன்னொரு முறை இழுத்துவிடும், அப்போது குழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். ‘க்ளிக்’ மட்டும் கேட்டால், இலக்கை நோக்கியபடியே முப்பது விநாடி காத்திருந்து பிறகு திறங்கள்.

பதினெட்டுத் தோட்டா சுட்டதும் என் சிலிண்டர் திறக்க மறுத்தது. உள்ளே ஆறும் வெற்று ஓடுகள், அதனால் பதற்றமில்லை. ஓடுகளைத் தள்ளும் கம்பி தானாகக் கழன்று நீண்டு, முன்பக்கத்தில் போய் முட்டியிருந்தது. தோல் துண்டு சுற்றிய குறட்டால் திருகினேன், நகரவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது: இதன் மரை இடது மரை, எதிர்த்திசையில் திருப்பினால்தான் முறுகும். திறந்து பார்த்தால், கம்பியோடு சேர்ந்து ஓடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துணுக்குகள், கடுகில் பாதி. இரண்டு துணுக்கு போதும், சிலிண்டர் இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு ஆறுக்கும் ஒரு முறை பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் துடைக்கிறேன். வீட்டில், அறைகளில் வெற்று ஓடுகளை வைத்துக்கொண்டு கம்பியை நன்றாக முறுக்கினேன். ஓடுகள் இல்லாமல் முறுக்கினால் நட்சத்திரத்தின் சின்ன ஊசிகள் வளையும்.

ஸ்பெஷல் சுட்ட அறைகளில் குட்டை ஓடு முடியும் இடத்தில் ஒரு கரி வளையம் படியும். மேக்னம் போடுவதற்கு முன் அதைத் தேய்த்து எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நீள ஓடு அங்கே சிக்கும்.

கடைசியில் மேக்னம். ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஆறு. ஸ்பெஷல் விழுந்த இடத்தில் மேக்னம் விழவில்லை, நாலு விரற்கடை கீழே விழுந்தது. வேகம் குறைந்த குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் உதை வாயைத் தூக்கிவிடுவதால் அது மேலே போகிறது. இலக்கைப் பார்க்க உதவும் பின்பக்கக் குறியை எந்தத் தோட்டாவுக்கு வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு திருகைத் தொட வேண்டும். நான் 25 கஜத்தில் மேக்னத்துக்கு வைத்தேன்.

ஒரே ஒரு சோதனை மீதி. ஆறு தோட்டா போட்டு, ஆறாவதன் நீளத்தை முன்னமே வெர்னியரில் அளந்துகொண்டு, ஐந்தைச் சுட்டு, ஆறாவதை எடுத்து மறுபடி அளக்க வேண்டும். உதையில் குண்டு ஓட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்தால் சிலிண்டருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, சுழலவே விடாது. முதலில் வாங்கிய பெட்டியில் ஆறாவது தோட்டா 0.015 அங்குலம் நீண்டிருந்தது. இரண்டாவது பெட்டியில் முன்பு 1.600, பிறகு 1.601. அதே பெட்டியைத்தான் இப்போதும் வாங்குகிறேன்.