தாடை வலியைச் சோதித்துப் பார்க்காதீர்கள்

தை மாதம் இரண்டு நாள் பனங்கிழங்காகவே மென்று தள்ளினேன். மூன்றாம் நாள் காதுக்குள் குத்தல். சொன்னதுதான் தாமதம், ஆச்சி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கரண்டியோடு வந்துவிட்டாள். முதல் தவறு அங்கேதான். தாடை மூட்டுக்குப் போகும் நரம்பே காதின் முன்பகுதிக்கும் கிளை விடுகிறது. அதனால் மூட்டு வலி காது வலிபோலவே இருக்கும். காது மடலுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் உருளுவதுதான் மூட்டு. அங்கே அழுத்தினால் வலி கூடுகிறதென்றால் எண்ணெய்க்கு வேலையில்லை. (காதில் சீழ் வந்தால் அது வேறு கதை.) இதே குழப்பத்தில் நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

அடுத்தது நான் செய்தது. வலி போய்விட்டதா என்று மணிக்கொரு தரம் வாயை ஆவென்று பிளந்து, சடக் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது. இருப்பதிலேயே மோசம் இதுதான்.

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். அழற்சி கண்ட, அதாவது புண்பட்டு வீங்கிச் சூடேறிய, மூட்டின் நரம்பு அதற்கு நேர் எதிர், ஓலை அசைந்தாலே அலறும். அழற்சி வந்ததும் புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் போன்ற பொருள்கள் மூட்டில் ஊறி நரம்பு முனைகளைச் சீண்டுகின்றன. சாதாரணமாக நரம்பணுவை அடக்கி வைப்பது, அதிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் மின்னோட்டம். எலிகளின் தாடை மூட்டில் அழற்சி உண்டாக்கிப் பார்த்தபோது, அந்த மூட்டின் நரம்பணுக்களில் இந்த மின்னோட்டம் குறைந்திருந்தது. கடிவாளம் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முன்பு சட்டையே செய்யாத சின்னத் தூண்டலுக்கும் நரம்பணு துடிக்கும், அதுவும் ஒன்றுக்குப் பல தடவை. சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் டிஆர்பிவி1 என்ற புரதம் வழக்கமாக 43 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் விழிக்கும். அழற்சியில் உடம்புச் சூடே அதற்குப் போதுமானதாகிவிடலாம். ஒரு கொட்டாவிக்கே உயிர் போவது இதனால்தான். "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாலும் மூட்டு இறுகிவிடும். வலியில்லாத வெறும் சடக் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. வலி மாத்திரையை வாரக்கணக்கில் நீங்களாக விழுங்கினால் வயிறு புண்ணாகும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விட முடியவில்லை, அல்லது தாடை பூட்டிக்கொண்டது என்றால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எனக்குப் பத்து நாள் இடியாப்பமும் சொதியும், அப்புறம் வெந்நீர் ஒத்தடமும். மிச்சக் கிழங்கை ஆச்சி உரலில் போட்டு, தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்து இடித்துத் தந்தாள். மெல்ல வேண்டிய வேலையே இல்லை.